சிக்கல், பின்னல், பிணைப்பு: சொற்பொருளும் பயன்பாடும்

சிக்கல் என்பது நூல், முடி, கொடி, கயிறு போன்ற நீண்ட பொருள்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு எளிதில் பிரிக்க முடியாமல் நிற்கும் நிலையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகும். இப்பொருளிலிருந்து விரிந்து, தீர்வு எளிதில் கிடைக்காத பிரச்சினை, இடர்ப்பாடு, வழக்கு ஆகியவற்றையும் இச்சொல் குறிக்கிறது. ஆங்கிலத்தில் 'என்டேங்கிள்மென்ட்' என்ற ஒரே சொல்லால் சொல்லப்படும் பல நிலைகளுக்குத் தமிழில் சிக்கு, சிக்கல், முடிச்சு, பின்னல், பிணைப்பு, பிணக்கு, வில்லங்கம் எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அவற்றுள் எதை எங்கே பயன்படுத்துவது என்பது இன்று மாணவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் முன்னுள்ள கேள்வியாகும். குறிப்பாக இயற்பியல் பாடத்தில் தவறான சொல்லைத் தேர்ந்தால் கருத்தே தவறாகப் புரிந்துகொள்ளப்படும்.

இச்சொற்களின் வேறுபாட்டை விருதுநகர் மாவட்டத்தின் இரு அண்டை ஊர்களான ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகியவற்றின் அன்றாடத் தொழில்களைக் கொண்டு தெளிவாக விளக்கலாம். ஒன்று நூற்பாலை நகரம். மற்றொன்று பூமாலைக்குப் பெயர்பெற்ற கோயில் நகரம். மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமும் அங்கேதான் உள்ளது.

சிக்கு என்னும் வினை

'சிக்கு' என்பது வினைச்சொல்லாகவும் பெயர்ச்சொல்லாகவும் வழங்குகிறது. வினையாக வரும்போது அகப்படு, மாட்டிக்கொள் என்று பொருள்படும். 'வலையில் மீன் சிக்கியது', 'போக்குவரத்து நெரிசலில் சிக்கினோம்' என்பன எடுத்துக்காட்டுகள். பெயராக வரும்போது 'தலையில் சிக்கு விழுந்திருக்கிறது', 'சிக்கு எடுக்க வேண்டும்' என்று வழங்குகிறது. வினையடியுடன் 'அல்' என்னும் தொழிற்பெயர் விகுதி சேர்ந்து 'சிக்கல்' ஆகிறது. சிக்கவை என்பது இதன் பிறவினை. சிக்குண்டான், சிக்கிக்கொண்டான் என்பவை வழக்கிலுள்ள கூட்டு வடிவங்கள்.

இச்சொற்களில் அடிப்படையாக இருப்பது இறுக்கம். 'சிக்கென' என்னும் வினையடை உறுதியாக, இறுக்கமாக என்ற பொருளில் திருவாசகத்தில் வருகிறது. செலவில் கை இறுக்கமாக இருப்பதைச் சிக்கனம் என்கிறோம். மலம் இறுகி நின்றுவிடுவது மலச்சிக்கல். இவற்றில் எதிலும் நூலோ கயிறோ இல்லை. ஆனாலும் நகர வேண்டியது நகராமல் பிடிபட்டு நிற்கிறது என்ற பொருள் பொதுவாக உள்ளது.

சிக்கல் ஊர்ப் பெயராகவும் வழங்குகிறது. நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள சிக்கல், சிங்காரவேலர் சன்னிதியால் புகழ்பெற்றது. வசிட்டர் வெண்ணெயால் இலிங்கம் செய்து வழிபட்டு, பின்னர் அதை அகற்ற முயன்றபோது அது பெயராமல் சிக்கிக்கொண்டது என்று தலபுராணம் ஊர்ப் பெயருக்குக் காரணம் சொல்கிறது. அங்குள்ள இறைவன் வெண்ணெய்நாதர் எனப்படுகிறார். இராமநாதபுரம் மாவட்டத்திலும் சிக்கல் என்ற பெயரில் ஓர் ஊர் உள்ளது.

பிணை, பின்னு, பிணங்கு

சிக்கலுக்கு நெருக்கமாகத் தோன்றினாலும் வேறு திசையில் செல்லும் சொற்குடும்பம் ஒன்று உண்டு. அவை பிணை, பின்னு, பிணங்கு என்பன.

பிணை என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். 'கொடிகள் பிணைந்தன' என்பது தன்வினை. 'இரு கயிறுகளையும் பிணைத்தான்' என்பது பிறவினை. இதிலிருந்து பிணைப்பு, பிணையல் ஆகிய பெயர்கள் பிறக்கின்றன. பிணையல் என்பதற்குப் பூமாலை என்ற பொருளும் உண்டு. மானின் பெண்ணைக் குறிக்கும் 'பிணை' என்ற பழஞ்சொல்லைத் தொல்காப்பியம் மரபியலில் காணலாம்.

பின்னுதல் என்பது ஓர் ஒழுங்குடன் இழைகளை மாறிமாறி மடக்கிக் கோத்தல். சடை பின்னுதல், கூடை பின்னுதல், வலை பின்னுதல் ஆகிய மூன்றிலும் செய்பவருக்கு அடுத்த இழை எங்கே போக வேண்டும் என்பது தெரியும். சிக்கலில் அது யாருக்கும் தெரியாது. பின்னலுக்கும் சிக்கலுக்கும் உள்ள முதன்மை வேறுபாடு இதுவே.

பிணங்குதல் என்பதற்கு ஒன்றோடொன்று பின்னிக்கிடத்தல், மாறுபட்டு ஊடுதல் என இரு பொருள்கள் உள்ளன. முட்செடியின் கிளைகள் பிணங்கிக் கிடக்கும், நண்பர்களும் பிணங்கிக்கொள்வார்கள். நெருங்கி இருப்பவர்களுக்கு இடையில்தான் பிணக்கு வரும் என்ற அனுபவ உண்மை இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதுபோல் 'கண்ணி' என்ற சொல்லும் தலையில் சூடும் மாலை, விலங்கைப் பிடிக்கும் சுருக்கு ஆகிய இரண்டையும் குறிக்கிறது.

ராஜபாளையம்: பஞ்சு முதல் நூல் வரை

ராஜபாளையத்தின் நூற்பாலைத் தொழில் வளர்ச்சியில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முக்கியமானது. அதன் பின் பல ஆலைகள் இவ்வட்டாரத்தில் தோன்றின. அருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவத்துக்குப் பயன்படும் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. தளவாய்புரம் பெண்களுக்கான ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்பெற்றது. இந்தத் தொழில்கள் அனைத்துக்கும் அடிப்படை சிக்கலை நீக்குவதும் பிணைப்பை உண்டாக்குவதும் ஆகும்.

பருத்திப் பஞ்சு ஆலைக்குள் வரும்போது இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். ஊசி முனையளவு சிறு உருண்டைகளாக இழைகள் சிக்கிக்கொள்வதை ஆலைகளில் 'நெப்' என்கிறார்கள். முதிராத பஞ்சு இழைகளில் இது அதிகம் ஏற்படும். முதிராத இழையில் சாயம் சரியாகப் பிடிப்பதில்லை. எனவே நெப் நீக்கப்படாத நூலில் நெய்த துணிக்குச் சாயமேற்றினால், அடர்ந்த நிறத்தின் நடுவே வெளிறிய புள்ளிகள் தெரியும். பஞ்சில் இருந்த சிறு சிக்கு, கடைசியில் துணியின் விலையைக் குறைத்துவிடும்.

இதைத் தடுக்கவே கார்டிங் என்னும் பணி நடைபெறுகிறது. நுண்ணிய கம்பிப் பற்கள் பதித்த உருளைகளுக்கிடையே பஞ்சு செல்லும்போது இழைகள் தனித்தனியே பிரிகின்றன. தூசும் நெப்பும் பெருமளவு நீங்குகின்றன. தலைவாருவதற்கும் இதற்கும் கொள்கை அளவில் வேறுபாடில்லை. அடுத்த நிலைகளில் இழைகள் நீட்டப்பட்டு ஒரே திசையில் வரிசைப்படுகின்றன.

இதன் பின்னர் நடப்பது கவனிக்கத்தக்கது. இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த இழைகளை ஆலை மீண்டும் ஒன்றோடொன்று முறுக்குகிறது. பருத்தி இழை பொதுவாக 3 சென்டிமீட்டர் அளவே நீளமுள்ளது. நூலில் பசை ஏதும் இல்லை. முறுக்கு ஏறும்போது இழைகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. அந்த உராய்வே சிறு இழைகளைப் பல கிலோமீட்டர் நீளமுள்ள நூலாக நிறுத்துகிறது. 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுவே நூலின் நம்பர். ஆகவே 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 33,600 கெஜம், அதாவது சுமார் 30.7 கிலோமீட்டர் நீளம் இருக்கும்.

ஒரே பஞ்சு இழைகள் நெப்பில் சேர்ந்திருப்பது குறை. நூலில் சேர்ந்திருப்பது வலிமை. முன்னது சிக்கு, பின்னது பிணைப்பு. இரண்டிலும் இழைகள் பிரிக்க முடியாதபடிதான் இருக்கின்றன. ஆனால் ஒன்றில் ஒழுங்கு இல்லை, மற்றொன்றில் இருக்கிறது.

நூல் அறுந்தால் அதை இணைப்பதிலும் இந்த வேறுபாடு தெரியும். முன்பு அறுந்த முனைகளை முடிச்சிட்டே இணைத்தார்கள். முடிச்சு பருமனாக இருப்பதால் நெசவில் தடங்கல் தரும். இன்றைய தானியங்கிக் கோன் சுற்றும் இயந்திரங்களில் 'ஸ்ப்ளைசிங்' என்ற முறை உள்ளது. இரு முனைகளின் முறுக்கையும் அவிழ்த்து, அழுத்தக் காற்றைச் செலுத்தி, இழைகளை ஒன்றுக்குள் ஒன்று கலந்து சேர்க்கிறார்கள். முடிச்சே இல்லாத இணைப்பு இது.

கைத்தறியில் இதற்கு ஒப்பான வேலை பாவு பிணைத்தல். தறியில் பாவு முடியும் நிலையில், விழுதிலும் அச்சிலும் கோத்திருக்கும் பழைய இழைகளின் முனைகளை விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். பிறகு இழுத்தால் புதிய இழைகள் தம் இடத்திற்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று இடம் மாறினாலும் அங்கே சிக்கல். சரியாக அமைந்தால் பிணைப்பு. நெசவாளர் இந்த வேலையைச் 'சிக்கவைத்தல்' என்று சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: மாலையும் கிளியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊராகப் போற்றப்படுகிறது. பெரியாழ்வார் இறைவனுக்குத் தொடுத்து வைத்த மாலையை ஆண்டாள் தான் அணிந்து பார்த்துவிட்டுக் கொடுத்தாள் என்பது யாவரும் அறிந்த வரலாறு. மாலையில் ஒரு தலைமுடி சிக்கியிருந்ததைக் கண்டே பெரியாழ்வார் இதை அறிந்தார் என்று மக்கள் வழக்கில் சொல்வார்கள். இங்கே இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. பூக்கள் நாரில் தொடுக்கப்பட்டிருந்தன. முடி அதில் சிக்கியிருந்தது. தொடுத்தது கருத்தோடு செய்தது, சிக்கியது தானாக நேர்ந்தது.

ஆண்டாளின் கையில் வைக்கப்படும் கிளியும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாள்தோறும் புதிதாகச் செய்யப்படும் இக்கிளிக்கு மாதுளம்பூ மூக்காகவும், மரவள்ளி இலை உடலாகவும் அமைகின்றன. வாழைநாரால் இவை கட்டப்படுகின்றன. நாரை அவிழ்த்தால் மிஞ்சுவது இலையும் பூவுமே. கிளி என்ற வடிவம் எந்த ஓர் இலையிலும் தனியாக இல்லை; அவை பிணைந்திருக்கும் நிலையில்தான் இருக்கிறது. இயற்பியல் பகுதிக்கு இக்கருத்து தேவைப்படும்.

காட்டில் பிணைந்த கிளைகள்

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையில் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் அறிவிக்கப்பட்டது. 2021-இல் உருவான ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் இப்போது இது அடங்குகிறது. சாம்பல் நிற அணில் மரத்திலேயே வாழ்வது. தரைக்கு அரிதாகவே இறங்கும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையோடு பின்னிப்பிணைந்திருந்தால்தான் அது உணவு தேடிச் செல்ல முடியும். நடந்து செல்பவருக்குச் சிக்கலாகத் தோன்றும் கிளைகள் அணிலுக்குப் பாதையாகின்றன. நடுவில் மரங்கள் வெட்டப்பட்டால் அந்தப் பாதை அறுந்துபோகிறது.

கடலில் நிலைமை நேர்மாறானது. கடலில் அறுந்து விடப்பட்ட வலைகளைப் பேய்வலை என்பர். அவற்றில் ஆமை, கடற்பசு, ஓங்கில் போன்றவை சிக்கிக்கொள்கின்றன. நுரையீரலால் சுவாசிக்கும் இவ்வுயிர்கள் மேலே வர முடியாமல் மூச்சுத்திணறி இறக்கின்றன. இதைப் பிணைப்பு என்று சொல்ல முடியாது. 'வலையில் சிக்குதல்' என்பதே சரி.

நீதிமன்றத்தில் சிக்கல், பிணை, வில்லங்கம்

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளதால், ராஜபாளையம் பகுதி மக்களும் பெரிய வழக்குகளுக்கு அங்கே செல்கிறார்கள். நீதிமன்ற வளாகத்தில் இச்சொற்கள் வேறு வடிவங்களில் ஒலிக்கின்றன.

'வழக்கில் சிக்கினான்' என்றால் குற்றச்சாட்டுக்கு உள்ளானான் என்று பொருள். அவனை வெளியே கொண்டுவருவது பிணை. பேச்சு வழக்கில் இது ஜாமீன். அவனுக்காக உறுதி அளிப்பவர் பிணையாள். எழுதிக் கொடுக்கும் ஆவணம் பிணைமுறி. குற்றம் சாட்டப்பட்டவர் தவறாமல் நீதிமன்றத்துக்கு வருவார் என்று இன்னொருவர் தம்மை அவரோடு பிணைத்துக்கொள்வதால் இப்பெயர் பொருத்தமாகிறது. சிக்கியவரைப் பிணைப்பு விடுவிக்கிறது.

நிலத்தில் உள்ள சிக்கலுக்கு வில்லங்கம் என்று பெயர். ஒரு சொத்தின் மீது அடமானம், விற்பனை ஒப்பந்தம், பாகப்பிரிவினை முதலியன பதிவாகியிருக்கின்றனவா என்பதைக் காட்டுவது வில்லங்கச் சான்று. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம். வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வில்லங்கச் சான்றில் இடம்பெறுபவை பதிவு செய்யப்பட்ட ஆவணங்கள் மட்டுமே. பதிவு செய்யாத உயில், வாய்மொழி உடன்பாடு, வாரிசுகளின் உரிமைக் கோரிக்கை ஆகியவை அதில் தெரியாது. 'வில்லங்கம் இல்லை' என்ற சான்று, 'சிக்கலே இல்லை' என்ற உறுதிமொழி ஆகாது. இரு சொற்களையும் ஒன்றாகக் கருதியதால் சேமிப்பை இழந்த குடும்பங்கள் உண்டு.

கோலத்தில் சிக்கு

சிக்கு என்ற சொல் பாராட்டாக வழங்கும் அரிய இடம் சிக்குக் கோலம். புள்ளிகளை வைத்து, அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து சென்று தொடங்கிய இடத்திலேயே முடியும் கோடு இது. கம்பிக் கோலம் என்றும் சொல்வர். பார்ப்பவருக்குச் சிக்கலாகத் தெரியும். போடுபவருக்குத் தெளிவான பின்னல். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலங்களைப் பட மொழிகளாகக் கொண்டு, அவற்றை உருவாக்கும் இலக்கண விதிகளைக் கணினி அறிவியல் நோக்கில் ஆராய்ந்து வெளியிட்டனர். ஒழுங்கு இல்லாததுபோல் தோன்றும் கோட்டுக்குள் விதி இருப்பதை இவ்வாய்வு காட்டியது.

இயற்பியலில்: சிக்கலா, பிணைப்பா?

1935-இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் குவாண்டம் இயக்கவியல் பற்றி ஒரு கேள்வி எழுப்பினர். ஒருமுறை தொடர்புகொண்டு பிரிந்த இரு துகள்களை எவ்வளவு தொலைவில் வைத்தாலும், அவற்றின் நிலையைத் தனித்தனியாக எழுத முடியாது என்று அக்கொள்கை சொல்வதை அவர்கள் சுட்டிக்காட்டினர். அதே ஆண்டில் எர்வின் ஷ்ரோடிங்கர் இந்நிலைக்குப் பெயரிட்டார். ஆங்கிலக் கட்டுரையில் 'என்டேங்கிள்மென்ட்' என்றும், ஜெர்மன் மொழியில் 'ஃபெர்ஷ்ரெங்குங்' என்றும் எழுதினார். ஜெர்மன் சொல்லின் வினை, கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே மடித்துக் கோத்துக்கொள்வதற்கு அம்மொழியில் வழங்குவது. அதில் குழப்பம் என்ற பொருள் இல்லை.

தமிழில் இதைக் குவாண்டம் சிக்கல் என்றும், குவாண்டம் பின்னல் என்றும், குவாண்டம் பிணைப்பு என்றும் பலவாறு எழுதுகிறார்கள். 'குவாண்டம் சிக்கல்' என்று படிக்கும் மாணவர் அதைக் குவாண்டம் கொள்கையில் உள்ள ஏதோ ஒரு பிரச்சினை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இது பிரச்சினை அன்று; கணக்கிடக்கூடிய, ஆய்வகத்தில் உண்டாக்கக்கூடிய நிலை. 'பிணைப்பு' என்ற சொல்லிலும் ஒரு குறை உள்ளது. வேதியியலில் அணுக்களிடையே உள்ள பிணைப்பையும் அதே சொல்லால் குறிக்கிறோம். அங்கே அணுக்களை விசை சேர்த்துப் பிடித்திருக்கிறது. குவாண்டம் பிணைப்பில் அத்தகைய விசை கிடையாது. எனவே 'குவாண்டம்' என்ற அடைமொழியை விடாமல் எழுதுவது நல்லது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பெட்டியில் செவ்வரளியும் இன்னொன்றில் வெள்ளரளியும் வைத்து, எது எதில் என்று சொல்லாமல் ஒன்றை ராஜபாளையத்துக்கும் மற்றதை ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அனுப்புவதாகக் கொள்வோம. ராஜபாளையத்தில் பெட்டியைத் திறந்து செவ்வரளியைக் கண்டவர், மற்றதில் வெள்ளரளி இருப்பதை உடனே அறிவார். இதில் வியப்பில்லை, பூவின் நிறம் முன்பே முடிவாகிவிட்டது. குவாண்டம் பிணைப்பு இப்படிப்பட்டதன்று. துகள்கள் விடையை முன்கூட்டியே சுமந்து செல்வதாகவும், ஓரிடத்து அளவீடு தொலைவிலுள்ள மற்றதை உடனே பாதிக்காது எனவும் கொண்டால், அளவீடுகளின் ஒத்திசைவு ஒரு வரம்பைத் தாண்ட முடியாது என்று ஜான் பெல் 1964-இல் நிறுவினார். பின்னர் நடந்த சோதனைகளில் அந்த வரம்பு தாண்டப்பட்டது. இத்துறையில் செய்த சோதனைகளுக்காக அலன் ஆஸ்பே, ஜான் கிளவுசர், அன்டன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மேலே சொன்ன கிளியின் உவமை இங்கே ஓரளவு பொருந்தும். முழுமைக்கு ஒரு நிலை உண்டு. உறுப்புகளுக்குத் தனித்தனியே அது இல்லை. ஆனால் உவமையை அதற்குமேல் நீட்டக் கூடாது. இலைகளை நார் கட்டியிருக்கிறது. துகள்களுக்கு இடையில் நார் எதுவும் இல்லை. இதைக் கொண்டு ஒளியைவிட விரைவாகச் செய்தி அனுப்பவும் முடியாது. ஒவ்வோரிடத்திலும் கிடைக்கும் விடை தனியே பார்த்தால் தற்செயலானதாகவே இருக்கும். இரு இடத்து விடைகளையும் ஒப்பிட்டால்தான் தொடர்பு தெரியும்.

இந்தியாவில் இத்துறைக்கான தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023-இல் ஒன்றிய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தது. குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்துள்ளது. தமிழில் இத்துறையைப் படிப்போர் எண்ணிக்கை பெருகும்போது, சரியான கலைச்சொல்லின் தேவையும் பெருகும்.

எந்த இடத்தில் எந்தச் சொல்?

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து பின்வரும் பாகுபாட்டைப் பெறலாம்.

சிக்கு: நூல், முடி, பஞ்சு ஆகியவற்றில் ஒழுங்கின்றி ஏற்படும் மாட்டல். எடுக்க வேண்டியது.

சிக்கல்: மேற்கண்டதன் தொழிற்பெயர், பிரச்சினை, இடர்ப்பாடு. தீர்க்க வேண்டியது. குடும்பச் சிக்கல், ஆய்வுச் சிக்கல், நிதிச் சிக்கல்.

முடிச்சு: ஓரிடத்தில் இறுக்கிக் கட்டியது. அவிழ்க்க வேண்டியது. கதையின் முடிச்சு என்பதும் இதிலிருந்து வந்தது.

பின்னல்: விதிப்படி மாறிமாறிக் கோத்தது. பின்னுபவரின் திறனைக் காட்டுவது.

பிணைப்பு: இரண்டு அல்லது பல பொருள்கள் ஒன்றாக நிற்கும் நிலை. காக்க வேண்டியது. பாசப்பிணைப்பு, குவாண்டம் பிணைப்பு.

பிணக்கு: நெருங்கியவர்களிடையே மாறுபாடு. ஆற்ற வேண்டியது.

வில்லங்கம்: சொத்தின் மீதுள்ள பொறுப்பு அல்லது உரிமைத் தடை. சரிபார்க்க வேண்டியது.

மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லைத் தேர்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். இங்கே சொல்லப்படும் நிலை பிரிக்கப்பட வேண்டியதா, காக்கப்பட வேண்டியதா? பிரிக்கப்பட வேண்டியது என்றால் சிக்கல். காக்கப்பட வேண்டியது என்றால் பிணைப்பு. நூற்பாலையில் நெப்பை நீக்கி நூலை முறுக்குபவர் இந்த வேறுபாட்டைப் பெயர் சொல்லாமலேயே நாள்தோறும் கடைப்பிடிக்கிறார்.